ஆற்றங்கரைக்காரர்கள் முதலில்

சிங்கப்பூரில் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பதில் சுசீலாவை மிஞ்ச ஆளில்லை. இதை மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கும் பழக்கமும் அவளுக்கு இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் சிராங்கூன் சாலையில் ஜனம் நெரியும்போது எந்த முனையில் தடுப்பு வைப்பது, எந்தக் குறுக்குத் தெருவைத் திறந்துவிடுவது என்று விழா ஏற்பாட்டாளர்கள் வந்து கேட்பது அவளிடம்தான். அப்பர் டிக்சன் சாலையில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய சிறிய ஆலோசனை நிறுவனம் இருந்தது. அவளும் அப்துல் கஃபாரும்தான் அதில் ஆட்கள். அவள் தெருத்தெருவாக நடந்து பார்த்துத் திட்டம் போடுவாள். அவன் அதைக் கணினியில் ஏற்றி, மனிதர்களைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஓடவிட்டு, எங்கே முட்டிக்கொள்கிறது என்று காட்டுவான்.

ஒழுங்கு என்றால் அவளுக்கு உயிர். செங்காங்கில் அவள் வீட்டுச் சமையலறையில் கரண்டிகள்கூட உயர வரிசைப்படிதான் தொங்கும். கணவர் மாற்றி மாட்டிவிட்டால் அன்றைக்குச் சாப்பாட்டில் அது தெரியும்.

அப்படிப்பட்டவளிடம் பிலிப்பீன்ஸிலிருந்து ஒரு வேலை வந்து சேர்ந்தது. லினாவ் என்ற கடலோர ஊர். நடுவில் ஒரு ஆறு, ஆற்றைத் தாண்டி ஒரு பாலம், பாலத்துக்கு அப்பால் ஒரு குன்று. புயல் எச்சரிக்கை வந்தால் ஆற்றங்கரை ஜனங்களை எப்படிக் குன்றுக்கு ஏற்றுவது என்று திட்டம் போட்டுத் தர வேண்டும். அந்த ஊரின் திட்ட அதிகாரி ரொவேனா பல மாதங்களாகத் தொலைபேசியில் பேசிப் பேசி, கடைசியில் மேயரையே சிங்கப்பூருக்கு அழைத்து வந்துவிட்டாள். ஜனவரி மாதம், பொங்கல் முடிந்த வாரம். கேம்பல் லேனில் இன்னும் கரும்புக் கட்டுகள் சாய்ந்து நின்றன.

சனிக்கிழமை காலையில் சுசீலா தன் திட்டத்தை விரித்துக் காட்டினாள். திரையில் லினாவ் ஊர் முழுக்க நீலப் புள்ளிகள். முதலில் ஆற்றங்கரை காலியானது, பிறகு மீன்சந்தைத் தெரு, பிறகு பள்ளிக்கூடத் தெரு. பாலத்தில் ஒரு புள்ளிகூடத் தேங்கி நிற்கவில்லை. தெருமுனைகளில் அம்புக்குறிப் பலகைகள், எல்லார் கைபேசிக்கும் எச்சரிக்கைச் செய்தி, நகராட்சி லாரிகள். கஃபார் கடைசிப் புள்ளியையும் குன்றில் ஏற்றிவிட்டுப் பெருமையாகப் பார்த்தான்.

மேயர் ராமிரோ எழுந்து நின்று கைதட்டினார். ஐம்பது வயதுக்காரர், வாட்டசாட்டமான ஆள், சிரித்தால் அறையே வெளிச்சமாகும். "அற்புதம். நாங்க இந்த மாதிரி ஒழுங்குக்காகத்தான் ஏங்கிக்கிட்டு இருக்கோம். ஒரே ஒரு சின்ன விஷயம். திட்டத்துக்கு என் பேரை வைக்கணும். பலகையெல்லாம் எங்க கட்சிக் கலர்ல இருக்கணும். ஒவ்வொரு பலகையிலயும் என் படம். மே மாசம் தேர்தல் வருது, உங்களுக்குப் புரியும்."

பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் சுசீலாவின் காதில் எந்த மொழியும் தமிழாகித்தான் இறங்கும். படம் என்ற சொல் இறங்கியதும் அவள் முகம் சுண்டிப்போனது. பக்கத்தில் ரொவேனா தலையைக் குனிந்துகொண்டாள். மேயர் தவறாக நினைக்காதபடி கஃபார்தான் அவசரமாகச் சொன்னான்: "திங்கட்கிழமை காலையில ஃபைனல் பண்ணிக் குடுத்துடுறோம், சார்."

மேயருக்கு விமானம் திங்கட்கிழமை மத்தியானம். அதற்குள் அவர் ஒப்புக்கொண்டால்தான் உண்டு. தேர்தல் வேலை தொடங்கிவிட்டால் அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது என்று ரொவேனா முன்பே சொல்லியிருந்தாள்.

பகல் சாப்பாட்டுக்குத் தேக்கா உணவங்காடிக்குப் போனார்கள். கூட்டமான கூட்டம். மேயர் ஒரு காலி மேசையைக் கண்டுபிடித்துச் சந்தோஷமாக உட்காரப் போனார்.

"அங்க உட்காரக்கூடாது, சார்," என்றாள் சுசீலா. மேசை நடுவில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. "ஆள் இருக்காங்கன்னு அர்த்தம்."

"யாரும் இல்லையே?"

"சாப்பாடு வாங்கப் போயிருப்பாங்க."

"உட்கார்ந்தா அபராதமா?"

"அபராதமெல்லாம் இல்லை. ஆனா உட்காரக்கூடாது."

மேயர் அந்த டிஷ்யூ பாக்கெட்டை ஏதோ அரசாங்க முத்திரையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே வேறு மேசைக்குப் போனார். பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு, கரும்புக்குப் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்ள உதவியாளருடன் கேம்பல் லேனுக்குக் கிளம்பினார். மேசையில் சுசீலாவும் ரொவேனாவும் மட்டும் மிஞ்சினார்கள்.

"பேர்தானே, மேம், போட்டுக் குடுத்துடுங்கன்னு சொல்லத்தான் நினைச்சேன்," என்றாள் ரொவேனா. "ஆனா சொல்ல முடியலை. இதுக்கு முன்னாடி எங்க ஊருக்கு மூணு திட்டம் வந்திருக்கு. மூணும் செத்துப்போச்சு."

"எப்படி?"

"மேயர் மாறினா திட்டம் மாறும். பழைய மேயர் பேர் போட்ட எதையும் புது மேயர் தொடமாட்டார். போன மேயர் ஒரு புயல் காப்பகம் கட்டினார். வாசல்ல அவர் பேர் ஆள் உயரத்துக்கு இருக்கும். இப்போ அதுல சிமெண்டு மூட்டை அடுக்கியிருக்காங்க. ராமிரோ வேற ஒண்ணு கட்ட ஆரம்பிச்சார், அது பாதியில நிக்குது. அவர் தோத்தா அது பாதியிலயே நிக்கும். ஜெயிச்சா இந்தத் திட்டத்துக்கு இன்னும் கொஞ்ச வருஷம் ஆயுசு. அவ்வளவுதான்."

சுசீலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிமெண்டு மூட்டை அடுக்கிய கட்டடமும் வாசலில் ஆளுயரப் பெயரும் அவளுக்கு ஒன்றும் புதிதல்ல. மாமனாரின் ஊரான தேவகோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பதுதான். ஆனால் ரொவேனா சிரிக்கவில்லை.

"போன புயலுக்கு லாரி அனுப்பினோம். எங்க அம்மா ஏறலை. ஆற்றங்கரையில பாதிப் பேர் ஏறலை. மேயர் கட்சிக்காரங்க வீட்டுக்குத்தான் லாரி முதல்ல போகும்னு அவங்க நினைச்சாங்க. அதுக்கு முந்தின தடவை அப்படித்தான் போச்சு, அதனால அவங்க மேல தப்பு சொல்லவும் முடியலை. அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்னு என் தம்பி தானிலோ திரும்பிப் போனான். அம்மா கூரை மேல ஏறித் தப்பிச்சிட்டாங்க. தம்பி வரலை."

சுசீலா தேநீர்க் குவளையை நகர்த்திவைத்தாள்.

"எங்களுக்கு ஒழுங்கே வராதுன்னு சொல்றவங்களை எனக்குப் பிடிக்காது," என்றாள் ரொவேனா. "ஒழுங்கில்லாததுதான் உங்க அழகுன்னு சொல்றவங்களை அதைவிடப் பிடிக்காது. என் தம்பி அழகாச் சாகலை, மேம். அம்மா இன்னும் அதே வீட்டுலதான் இருக்காங்க. அடுத்த புயல் எப்படியும் வரும். அதுக்குள்ள எனக்குச் சாகாத ஒரு திட்டம் வேணும்."

சொல்லிவிட்டு எழுந்து போய் இரண்டு பேருடைய தட்டையும் தட்டுகள் திருப்பி வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது, அதற்குள் பழகிவிட்டாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் கஃபார் தன் கட்சியைச் சொன்னான். "அக்கா, கிளையண்ட் பேரைப் போடச் சொன்னா போட்டுட்டுப் போவோம்லா. பிளான் குடுக்கிறதுதான் நம்ம வேலை. மேல யார் பேரை எழுதினா நமக்கென்ன?"

"அந்தப் பேராலதான் பிளான் சாகுது, கஃபார்."

"அப்போ பேர் வேணாம்னு சொல்லுங்க. அவர் எழுந்து போயிடுவார். அதுக்கப்புறம் பிளானே இல்லை."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அதைவிட எரிச்சலான இன்னொன்றும் இருந்தது. பெயர் இல்லாவிட்டாலும் ரொவேனாவின் அம்மா லாரியில் ஏறியிருக்க மாட்டாள். மஞ்சள் கோடு போட்டால் ஜனங்கள் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள் என்று நம்பியே சுசீலா முப்பது வருஷம் திட்டம் போட்டிருக்கிறாள். சிங்கப்பூர்க்காரி அல்லாத ஒருத்திக்கு அப்படி நம்பத் தோன்றாது. கோடு போடுகிறவன் எந்தக் கட்சி என்று முதலில் பார்க்கிற ஊரில் அந்தப் பலகைகளை யார் படிப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொவேனா அழைத்தாள். லினாவ்காரர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேலாங் பக்கம் ஒரு தேவாலய வளாகத்தில் எங்கள் ஊர்க் குழந்தை இயேசுவின் பவனியை இங்கேயும் நடத்துகிறோம், மேயரும் வருகிறார், நீங்களும் வாருங்கள் என்றாள். சுசீலாவுக்கு மனம் இருந்த நிலையில் போகப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனாள். கூட்டம் கூடுகிறது என்று கேள்விப்பட்டால் அவள் கால் வீட்டில் தங்காது.

வளாகம் திருவிழாக் கோலத்தில் இருந்தது. தாதிகள், கப்பல் பட்டறைப் பொறியாளர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், வங்கியில் பெரிய பதவியில் இருப்பவர்கள், ஆளுக்கொரு பக்கம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ஓடின. யாரும் யாரையும் வரிசைப்படுத்தவில்லை. ஒலிபெருக்கி இல்லை, கயிறு இல்லை, சட்டையில் அடையாள அட்டை குத்திய தொண்டர் ஒருவர்கூட இல்லை. 'இன்றைக்கு இது உருப்பட்ட மாதிரிதான்' என்று சுசீலா நினைத்துக்கொண்டாள்.

அப்போது ஒருவர் கைமணியை அடித்தார்.

பேச்சு நின்றது. கலைந்து கிடந்த கூட்டம் தானாகவே பிரிந்து நகர்ந்தது. வளாகத்தின் ஒரு கோடியில் பூ வைத்த சிறிய சப்பரத்தில் குழந்தை இயேசுவின் சுரூபம் இருந்தது. சில பெண்கள் போய் அதைத் தோளில் ஏற்றினார்கள். சப்பரம் நகர, வழியில் அங்கங்கே கொத்துக் கொத்தாக நின்றவர்கள், அது தங்களைத் தாண்டியதும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஒருவரும் முந்தவில்லை, ஒருவரும் இடிக்கவில்லை. தைப்பூசத்தன்று பால்குடம் எடுக்கும் பெண்கள் யாரும் சொல்லாமலே தங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்வார்களே, அதே மாதிரி.

சுசீலா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். சப்பரம் தூக்கிய பெண்களில் ஒருத்தி தெம்பனிஸில் ஒரு வீட்டில் வேலை செய்பவள் என்று ரொவேனா காட்டினாள். வங்கி அதிகாரி கடைசியில் நின்றார்.

"இங்க எந்த வரிசை?" என்றாள் சுசீலா.

"ஊர்ல யார் எந்தத் தெருவோ அந்த வரிசை. ஆற்றங்கரைக்காரங்க முதல்ல. அந்தக் காலத்துல சுரூபம் ஆற்றங்கரை மீனவர் வலையிலதான் கிடைச்சதாம். வருஷம் முழுக்க ஆற்றங்கரைச் சிற்றாலயத்துலதான் இருக்கும். திருவிழா அன்னைக்கு அங்க மணி அடிச்சதும் குன்று மேல இருக்கிற பெரிய கோயிலுக்குக் கிளம்பும். அவங்களுக்கு அப்புறம் மீன்சந்தைத் தெரு, அப்புறம்..."

"பள்ளிக்கூடத் தெரு," என்றாள் சுசீலா.

ரொவேனா திரும்பிப் பார்த்தாள்.

"கஃபாரோட புள்ளி போன அதே வரிசை. தாழ்வான இடம் முதல்ல, பாலத்துக்குப் பக்கத்துல இருக்கிறவங்க கடைசியில. அதான் பாலத்துல நெரிசல் வராது. எங்களுக்கு இதைக் கண்டுபிடிக்க ரெண்டு மாசம் ஆச்சு." சுசீலாவின் குரல் தானாகத் தணிந்தது. "ரொவேனா, போன புயல்ல இந்தச் சுரூபத்தை என்ன பண்ணீங்க?"

"அது பத்திரமா இருந்துச்சு, மேம். முந்தின நாளே கோயில்ல இருந்து ஒரு மூணு சக்கர வண்டி அனுப்பிக் குன்றுக்கு ஏத்திட்டாங்க."

"சுரூபத்தை மட்டும்?"

"ஆமா, சுரூபத்தை மட்டும்..."

ரொவேனா பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் கண்கள் சப்பரத்தின் மேல் போய் நின்றன. பாட்டுச் சத்தத்தின் நடுவே அவள் மெதுவாகச் சொன்னாள்: "சத்தமில்லாம வண்டியில அனுப்பிட்டோம். மணி அடிக்கலை. மணி அடிச்சிருந்தா அம்மா சப்பரம் தூக்க வந்திருப்பாங்க. அவங்க முறை வந்தா காய்ச்சலோடகூட வருவாங்க."

அவள் அழுதாள். மறைத்துக்கொள்ளவில்லை. சுசீலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதே சமயம் அவள் பார்வை சப்பரத்துக்குப் பின்னால் போயிற்று. அங்கே மேயர் ராமிரோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெயிலில் வியர்க்க, மற்றவர்களோடு மற்றவராக நடந்துகொண்டிருந்தார். அவரைப் படமெடுக்க உதவியாளர்கூட வரவில்லை.

அன்று மத்தியானமே சுசீலா கஃபாரையும் வரவழைத்தாள், ரொவேனாவோடு மூவரும் அப்பர் டிக்சன் சாலை அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். கஃபார் தன் புள்ளிகளுக்கு முன்னால் ஒரு சிவப்புப் புள்ளியை வைத்து அதற்குக் 'குட்டிச் சாமி' என்று பெயரிட்டான். முதல் கேள்வியையும் அவன்தான் கேட்டான்.

"சாமி பின்னாடி வராதவங்க என்ன செய்வாங்க? மீன்சந்தையில எங்க ஆளுங்களும் இருப்பாங்கல்ல?"

"இருக்காங்க," என்றாள் ரொவேனா. "ஏழெட்டு முஸ்லிம் குடும்பம். பவனி அன்னைக்குக் கடையைச் சாத்திட்டுப் பாலத்துக்கிட்ட எல்லாருக்கும் குளிர்ந்த தண்ணி குடுப்பாங்க. எப்போ எங்க நிக்கணும்னு அவங்களுக்கும் தெரியும்."

"அப்போ குன்று மேல அவங்களுக்குக் கோயிலுக்குள்ள இல்லாம தனியா ஒரு இடம் வேணும். பக்கத்துல இருக்கிற மண்டபத்தை வச்சுக்கலாம். அவங்களை முதல்லயே கூப்பிட்டுப் பேசுங்க, கடைசியில சொல்லாதீங்க."

வழக்கத்தில் வரிசை இருந்ததே தவிர வேறு எல்லாவற்றுக்கும் திட்டம் வேண்டியிருந்தது. திருவிழா அன்று வெயில் அடிக்கும், புயலன்று அடிக்காது. பாலத்தின் கைப்பிடி பாதி உடைந்து கிடந்தது. நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது? பவனியின் கடைசியில் தின்பண்ட வண்டிகள் வருமாம். அந்த இடத்தில் நடக்க முடியாதவர்களுக்கான வண்டிகளை வைத்தாள் சுசீலா. மணியை யார், எப்போது அடிப்பது என்பதில்தான் ரொவேனா விடாப்பிடியாக நின்றாள். வானிலை நிலையம் இன்ன அளவு எச்சரிக்கை கொடுத்தால் ஆற்றங்கரைக்காரர்களே அடிக்க வேண்டும், மேயரின் உத்தரவுக்காக யாரும் காத்திருக்கக்கூடாது என்றாள். சுசீலா மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள். வேலை முடிந்தபோது அவள் பார்த்துப் பார்த்து வரைந்த அம்புக்குறிப் பலகைகள் எல்லாம் போயிருந்தன. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

திங்கட்கிழமை காலையில் மேயர் புதுத் திட்டத்தைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்தச் சிரிப்போடு கேட்டார்: "எல்லாம் சரி. என் பேர் எங்கே?"

"சனிக்கிழமை தேக்காவுல ஒரு மேசையில உட்காரப் போனீங்க," என்றாள் சுசீலா. "ஒரு டிஷ்யூ பாக்கெட்டைப் பார்த்துட்டு விலகிப் போனீங்க. அந்த விதியை எந்த மந்திரி போட்டார்னு நினைக்கிறீங்க?"

"எந்த மந்திரி?"

"யாரும் போடலை. அதனால யார் பதவிக்கு வந்தாலும் அதை எடுக்க முடியலை."

மேயர் நாற்காலியில் சாய்ந்தார். ரசித்தார் என்று தெரிந்தது. ஆனால் ஒரு டிஷ்யூ பாக்கெட்டுக்காகத் தேர்தலை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். "நல்ல கதை. ஆனா நான் ஊருக்குப் போய் ஏதாவது காட்டணுமே."

"நேத்து பவனியில நீங்க எங்க நடந்தீங்க?"

"சுரூபத்துக்குப் பின்னால."

"அங்க நடங்கன்னு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்ல வேண்டியதில்லை. மேயர் அங்கதான் நடக்கணும்."

"எந்த மேயர்?"

கீழே மளிகைக் கடையில் யாரோ அரிசி மூட்டையை இழுக்கும் சத்தம் கேட்டது. மேயர் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க அப்பாவும் மேயரா இருந்தவர்," என்றார். சிரிப்பு போயிருந்தது. "அவரும் அங்கதான் நடந்தார். அடுத்த வருஷம் அவரைத் தோற்கடிச்சவர் அதே இடத்துல நடந்தார். அப்பா கூட்டத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தார். நான் அவர் பக்கத்துல நின்னேன். அந்த ஒரு நாள் மட்டும் அவர் அந்த ஆளைத் திட்டலை."

அவர் திட்டத்தின் தாள்களை மறுபடி முன்னும் பின்னும் புரட்டினார். "இதுல நான் கையெழுத்துப் போட எதுவுமே இல்லையே."

"ஆமா, சார்," என்றாள் சுசீலா. "அடுத்து வர்றவர் கிழிக்கவும் எதுவும் இல்லை."

மேயர் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு ரொவேனாவிடம் திரும்பி அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அதில் ஒரு பெயர் மட்டும் சுசீலாவுக்குப் புரிந்தது. தானிலோ, அவள் தம்பி. மேயர் தலையாட்டினார்.

"அடுத்த ஞாயிறு எங்க ஊர்ல பவனி," என்றார். "பாதிரியாரோட சேர்ந்து நானே சொல்றேன். புயல் வந்தா குழந்தையை இனி வண்டியில அனுப்பக்கூடாது, நாமதான் தூக்கிட்டுப் போகணும்னு. ஆனா பாலம் இருக்கே, அந்தப் பாலம்."

"பாலத்தைச் சீக்கிரம் சரிபண்ணுங்க. உங்க பேரை எவ்வளவு பெரிசா வேணும்னாலும் எழுதிக்கோங்க. சிமெண்டு மூட்டை அடுக்கிறதுக்காகப் பாலத்தை யாரும் மூட மாட்டாங்க."

மேயர் ராமிரோ அறை அதிரச் சிரித்தார். கஃபார்தான் பெருமூச்சு விட்டான்.

பாலத்து வேலை ஏப்ரலில் முடிந்தது. மே மாதம் ராமிரோ தோற்றார். பாலத்தில் அவர் பெயர் பளபளவென்று இருந்தும் தோற்றார் என்று கஃபார் ஒரு வாரம் கேலி பேசினான். அப்புறம் ரொவேனாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. புது மேயர் ராமிரோ காலத்துக் கோப்புகளை எல்லாம் வாரி வெளியே போட்டுவிட்டாராம். அதில் சுசீலாவின் நிறுவனம் கொடுத்த அழகான கெட்டி அட்டைத் திட்ட அறிக்கையும் போய்விட்டது. ரொவேனாவைத் திட்டப் பிரிவிலிருந்து சந்தை உரிமப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். சுசீலாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அன்று செங்காங் வீட்டில் கரண்டிகள் சரியாகத் தொங்கியும் சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது.

நவம்பர் மாதம் புயல் வந்தது. பெரிய புயல், லினாவை நோக்கி நேராக வருகிறது என்று செய்தியில் சொன்னார்கள். சுசீலா காலையிலேயே அலுவலகத்துக்கு வந்து கைபேசியை மேசை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கஃபார் தேநீர் வாங்கி வந்தான், இருவரும் குடிக்கவில்லை. கணினியில் புள்ளிகளை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓடவிடலாம். அங்கே ரொவேனாவின் அம்மா ஒரே முறைதான் நடக்க முடியும்.

பத்து மணிக்கு மேல் ரொவேனா அழைத்தாள். திரையில் முதலில் மழைதான் தெரிந்தது. பிறகு காதில் விழுந்தது மணி. விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"கேட்குதா, மேம்?" ரொவேனா மழைக்கு மேல் கத்தினாள். "யாரும் யாரையும் கேட்கலை. எச்சரிக்கை வந்ததும் ஆற்றங்கரையில அடிச்சிட்டாங்க."

படம் ஆடியது. நனைந்த தெருவில் சப்பரம் வந்தது, பூ இல்லாமல், பிளாஸ்டிக் விரிப்பு போர்த்தி. முன்னால் ஆற்றங்கரைப் பெண்கள். அவர்களில் குள்ளமான, வெள்ளை முடி கொண்ட ஒருத்தி சப்பரத்தின் கம்பத்தை ஒரு கையால் பிடித்து, மறு கையால் குழந்தை இயேசுவுக்குக் குடை பிடித்திருந்தாள். காற்றில் குடை திரும்பிக்கொண்டதை அவள் லட்சியம் செய்யவில்லை. பின்னால் ஒரு மனிதர் வெறுந்தலையோடு நனைந்தபடி நடந்தார். அவர்தான் புது மேயர் என்றாள் ரொவேனா. அவருக்குப் பின்னால் வந்த கூட்டத்தில் ராமிரோவும் யாரோ ஒரு கிழவரை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். மீன்சந்தைத் தெரு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத் தெரு தன் முனையில் காத்து நின்றது. பாலத்தில் ஒருவரும் தேங்கவில்லை.

"குட்டிச் சாமி பாலத்தைத் தாண்டிட்டார், அக்கா," என்றான் கஃபார். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

மறுநாள் பிற்பகல் மறுபடி அழைப்பு வந்தது. ஆற்றங்கரையில் வீடு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. ஆள் ஒருவர்கூடக் குறையவில்லை. ரொவேனா கைபேசியைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். தாயாரை அவர்கள் நானாய் என்று அழைப்பார்கள். வெள்ளை முடிக்காரி திரையில் நெருங்கி வந்து சுசீலாவை ஏற இறங்கப் பார்த்தாள். யார் இது என்று கேட்டாள். சிங்கப்பூர்த் தோழி என்றாள் ரொவேனா. பாவம், அங்கேயிருந்து பயந்துபோயிருப்பாள் என்று கிழவி இரக்கப்பட்டாள். பிறகு ஆறுதலாகப் பேசத் தொடங்கினாள். ரொவேனா சிரிப்பும் அழுகையுமாக மொழிபெயர்த்தாள்.

"நீங்க பயப்படாதீங்கன்னு சொல்றாங்க, மேம். எங்க ஊர்ல புயல் வந்தா மணி அடிப்போம், குழந்தையைத் தூக்கிட்டு மேல போயிடுவோம். குழந்தையைத் தண்ணியில விட்டுட்டு வீட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்போமா? எங்க அம்மா காலத்துல இருந்தே இதுதான் வழக்கம். இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லைன்னு சொல்றாங்க."

கஃபார் வாயைத் திறக்கப் போனான். சுசீலா மேசைக்கு அடியில் அவன் காலை ஒரு மிதி மிதித்தாள்.

"ஆமா, நானாய்," என்றாள் அவள். "ரொம்ப நல்ல வழக்கம். விட்டுடாதீங்க."